கொழுந்தும் கத்தரியும்

ஆசியாவின் பட்டறைகள் – 17

மலேசியாவின் கேமரன் மலையில், சுங்கை பாலாஸ் தோட்டத்துப் பாதை ஒரு வண்டி அகலம்தான். எதிரே இன்னொரு வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போய் ஒதுங்கியே ஆகவேண்டும். அப்படி ஒதுங்கி நிற்கும்போது கண்ணாடியை இறக்கினால், புல்வெட்டும் இயந்திரம் போல ஓர் இரைச்சல் காதில் விழும்.

சரிவில் இரண்டு ஆண்கள், தேயிலை வரிசையின் இருபுறமும் ஆளுக்கொருவராக நிற்கிறார்கள். அவர்களுக்கு நடுவே, செடிகளின் தலைக்கு மேல், மெல்ல வில்லாக வளைந்த ஓர் இயந்திரம். அதன் முன்விளிம்பில் பல் வரிசையாக ஓடும் கத்தி. கத்தி சீவியதைக் காற்று பின்னால் ஊதித் தள்ள, நீண்ட பை ஒன்று விழுங்கிக்கொண்டே தொடர்கிறது. பையின் வால் செடியில் சிக்காதபடி மூன்றாவது ஆள் தூக்கிப் பிடித்து வருகிறார். அவர்கள் கடந்துபோன வரிசை, முடிவெட்டும் கடையிலிருந்து அப்போதுதான் இறங்கிய பையனின் தலைபோல இருக்கிறது.

சுற்றுலாப் பேருந்தில் வந்தவர்கள் கைப்பேசியோடு தேடுவது வேறொரு காட்சியை. தலையில் பட்டை, முதுகில் கூடை, இடுப்பில் சாக்குப் படங்கு, இரண்டு கையும் செடிமேல் பறக்கும் ஒரு பெண். கொஞ்ச நேரம் தேடிவிட்டு வெறும் பச்சையைப் படமெடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள்.

சென்ற இதழில் சகிச்சி டொயோடாவின் தானியங்கித் தறியைப் பார்த்தோம். நூல் அறுந்தால் தானே நின்றுவிடும் தறி. பஞ்சாலை இயந்திரங்களுக்குத் தாய்வீடான இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனமே 1929இல் அதன் உரிமையை விலை கொடுத்து வாங்கியது என்ற இடத்தில் நிறுத்தியிருந்தோம். அதே 1929இல்தான் இந்தக் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் பிறந்தது.

தறியில் நடந்தது என்ன? கைக்குத் தெரிந்ததை இரும்பு கற்றுக்கொண்டது. தேயிலையிலும் அதுவேதான் நடந்தது. ஆனால் ஒரு வித்தியாசம். இலையை உருட்டவும் உலர்த்தவும் இரும்பு 1870களிலேயே கற்றுவிட்டது. இலையைப் பறிக்க மட்டும் ஏறக்குறைய நூறு ஆண்டு எடுத்துக்கொண்டது. அந்த நூறாண்டுத் தாமதத்துக்கு யார் காரணம், எது காரணம் என்பதுதான் இந்த வாரக் கதை.

மருத்துவரின் மூன்று காப்புரிமைகள்

1885. பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹியூ லோ அனுப்பிவைத்த நில அளவையாளர் வில்லியம் கேமரன், பேராக்–பகாங் எல்லை மலைகளுக்குள் நுழைந்தார். மலைகள் சூழ்ந்த மென்சரிவான மேட்டுநிலம் ஒன்று உள்ளே இருப்பதாகக் குறிப்பெழுதினார். செமாய் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்த காடு அது. ‘கண்டுபிடித்தார்’ என்பதெல்லாம் வரைபடம் போடுகிறவர்களின் பாஷை. அடுத்த ஆண்டே கேமரன் இறந்துபோனார். அவர் பெயர் மலைக்கு ஒட்டிக்கொண்டது. மலையோ நாற்பது ஆண்டு கோப்புகளுக்குள் தூங்கியது.

அதே 1885இல் ஜப்பான் தன் காப்புரிமைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அந்நாட்டின் முதல் காப்புரிமை துருப்பிடிப்பதைத் தடுக்கும் ஒரு பூச்சுக்குப் போனது. 2, 3, 4 ஆகிய மூன்று எண்களும் ஒரே ஆளுக்குப் போயின. பெயர் தகபயாஷி கென்ஸோ. சைத்தாமா வட்டாரத்து மருத்துவர். அவர் பதிவு செய்த மூன்றுமே தேயிலை இயந்திரங்கள்.

ஒரு மருத்துவருக்குத் தேயிலையில் என்ன வேலை? அந்நாளில் ஜப்பான் வெளிநாட்டுக்கு விற்ற சரக்குகளில் பட்டுக்கு அடுத்த இடம் தேயிலைக்கு. ஆனால் அது முழுக்கக் கையால் ஆனது. அவித்த இலையைச் சூடான மேடைமேல் பரப்பி, உள்ளங்கைகளுக்கு நடுவே மணிக்கணக்கில் தேய்த்து உருட்ட வேண்டும். கை வெந்துபோகும் வேலை. நாள் முழுக்கத் தேய்த்தாலும் சில கிலோதான் தேறும். தகபயாஷி தன் வைத்தியத் தொழிலை ஓரங்கட்டிவிட்டு அந்த உள்ளங்கையின் அசைவை இயந்திரத்தில் கொண்டுவரப் பார்த்தார். முதல் இயந்திரங்கள் அவருக்குக் கடனையும் பழியையும்தான் சம்பாதித்துக் கொடுத்தன. 1898இல் அவர் காப்புரிமை பெற்ற முதல்நிலை உருட்டு இயந்திரம்தான் நின்று நிலைத்தது. 1901இல் இறந்துபோனார். ஜப்பானின் தேயிலை ஆலைகளில் இன்று ஓடும் இயந்திரங்களின் பாட்டனார் அந்த உருட்டு இயந்திரம்.

தகபயாஷிக்கு முன்பே அசாமில் இன்னொருவர் இதே உள்ளங்கையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் ஜாக்சன். 1870களின் தொடக்கத்தில் ஹீலியக்கா தோட்டத்தில் அவருடைய உருட்டு இயந்திரம் ஓடத் தொடங்கியது. ஒரு வட்ட மேசை, அதன்மேல் அடிப்பாகம் இல்லாத ஒரு பெட்டி. பெட்டி நிறைய வாடிய இலை. மேலே ஓர் அழுத்தம். பெட்டி மேசைமேல் வட்டமாகச் சுழலச் சுழல இலை தன்னைத்தானே முறுக்கிக்கொள்ளும். இரண்டு உள்ளங்கைகளை வைத்துக்கொண்டு எதையாவது உருட்டிப் பாருங்கள். அதேதான், அளவு மட்டும் பெரிது.

உருட்டியதை உலர்த்த வேண்டுமே? அதுவரை கரி அடுப்பின்மேல் மூங்கில் தட்டு வைத்து வறுத்தார்கள். பெல்ஃபாஸ்ட்டிலிருந்து சிறுவயதிலேயே கச்சாருக்கு வந்த சாமுவேல் டேவிட்சன், 1877இல் சூடான காற்றை இலை வழியே செலுத்தும் அடுப்பைச் செய்தார். சஹாராவிலிருந்து வீசும் வெப்பக்காற்றின் பெயரை அதற்கு வைத்தார்: சிரோக்கோ. ஆக, 1880கள் முடிவதற்குள் தேயிலை ஆலைக்குள் கைக்கு வேலை பாதியாகக் குறைந்துவிட்டது.

ஆலைக்கு வெளியே? சரிவில் அதே பழைய கைதான்.

‘போ’ என்றொரு பெயர்

1925இல் மலாய்க் கூட்டு மாநிலங்களின் தலைமைச் செயலாளர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் மலையைப் பார்வையிட்டார். வெள்ளைக்காரர்களுக்கு ஒரு மலைவாசத்தலம் வேண்டும் என்பது முதல் கணக்கு. எதைப் பயிரிடலாம் என்பது இரண்டாவது கணக்கு. இரண்டாவது கணக்குக்காகத் தானா ராத்தாவில் வேளாண்மைத் துறையின் சோதனை நிலையம் வந்தது. தேயிலை, காப்பி, கொய்னா மரம், காய்கறி என்று ஒவ்வொன்றாக நட்டுப் பார்த்தார்கள். அந்த நிலையம் இன்றும் இருக்கிறது. 1969இல் உருவான மார்டி என்ற தேசிய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கைக்கு அது பிறகு போனது. தாப்பாவிலிருந்து மலைப்பாதை 1930களின் தொடக்கத்தில் மேலே வந்து சேர்ந்தது.

பாதை முழுதாக முடியும் முன்பே ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் காட்டை எடுத்துவிட்டார். சிறு பிள்ளையாக மலாயாவுக்கு வந்து, ஈயம், ரப்பர், கட்டுமானம் என்று பல தொழில் பார்த்தவர். உலகப் பொருளாதாரம் குப்புற விழுந்த 1929இல் தேயிலையில் பணம் போட்டார். தேயிலை அவருக்குத் தெரியாத பயிர். அதனால் தெரிந்த ஒருவரைக் கூட்டு சேர்த்துக்கொண்டார். இலங்கையில் பல காலம் தேயிலை நட்ட ஏ.பி.மில்ன். 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிவைத்த இலங்கைத் தேயிலையின் அறுபதாண்டு அனுபவம் மில்னோடு சேர்ந்து மலையேறியது. எந்தச் சரிவில் எவ்வளவு இடைவெளி, எங்கே வடிகால், எப்போது கவ்வாத்து என்பதெல்லாம் அந்த அனுபவத்துக்குள் அடக்கம்.

தோட்டத்துக்கு ‘போ’ என்று பெயர் வைத்தார்கள். சீனத்தின் ஃபூஜியன் மாநிலத்து வூயி மலைகளை அந்நாளைய வெள்ளைக்காரர்கள் ‘போஹி’ என்பார்கள். அங்கிருந்து வந்த பெயர் இது. ‘பெஸ்ட் ஆஃப் ஹைலேண்ட்ஸ்’ என்று விரித்துச் சொல்லும் வழிகாட்டிகளும் உண்டு. தமிழ் காதுக்கு இரண்டு விளக்கமும் தேவைப்படவில்லை. தமிழ்நாட்டிலிருந்து ‘வா’ என்று அழைத்து வந்து நிறுத்திய இடத்தின் பெயர்ப்பலகையில் ‘போ’ என்று எழுதியிருந்தது.

அழைத்து வர ஓர் ஏற்பாடே இருந்தது. ஊருக்குப் போய் ஆள் பிடித்து வரும் கங்காணி. கப்பல் செலவுக்கு 1907இலேயே தொடங்கப்பட்ட இந்தியக் குடியேற்ற நிதி. அதற்கு முதலாளிகளிடம் தலைக்கு இவ்வளவு என்று வரி. அந்த நிதியில் இலவசப் பயணம். வந்தவர்களுக்கு லயத்தில் ஒரு அறை, காலையில் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு, மாலையில் எடை, மாதக் கடைசியில் செக்ரோல் என்ற கூலிப் பதிவேடு. 1930இல் ரப்பர் விலை விழுந்தபோது தோட்டத் தொழிலாளியின் நாள் கூலி ஆணுக்கு 50 காசிலிருந்து 40 காசாக இறங்கியது. அதையும் கொடுக்க முடியாத தோட்டங்கள் ஆயிரக்கணக்கானோரைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பின.

இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். ஆள் வேண்டுமென்றால் கப்பலில் வருவார்கள், வேண்டாமென்றால் கப்பலில் போவார்கள். கூலியை இன்றைக்கு இறக்கலாம், நாளைக்கு இன்னும் இறக்கலாம். இப்படியிருக்கும்போது பறிப்பதற்கு இயந்திரம் செய்ய எந்த முதலாளிக்குத் தலையெழுத்து? ஜப்பானின் ஷிசுவோக்காவில் 1910களிலேயே விவசாயிகள் பை கட்டிய கத்தரியால் கொழுந்து வெட்டத் தொடங்கிவிட்டார்கள். அங்கே பறிப்புக் காலத்தில் ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. அசாமிலும் இலங்கையிலும் மலாயாவிலும் அந்தக் கத்தரிக்கு அன்று வேலை இல்லாமல் போனது.

துரைமார்கள் சொன்ன இன்னொரு காரணமும் பொய்யல்ல. கத்தரிக்குக் கண் கிடையாது. இரண்டு இலையும் ஒரு அரும்பும் எது, முற்றிய இலை எது, வளர்ச்சி நின்றுபோன வங்கிக் கொழுந்து எது என்று விரலுக்குத் தெரியும். கத்தரி எல்லாவற்றையும் சேர்த்து அள்ளும். சோவியத் ஒன்றியம் 1960களில் ஜார்ஜியாவில் ‘சகார்த்வேலோ’ என்ற ஓட்டிச் செல்லும் பறிப்பு இயந்திரத்தையே செய்துவிட்டது. அளவு ஏறியது, தரம் இறங்கியது. ஜார்ஜியத் தேயிலையின் பெயர் கெட்டதற்கு அந்த இயந்திரமும் ஒரு காரணம்.

இலைக்குள் நடப்பது

1929இல் இன்னொன்றும் நடந்தது. டோக்கியோவின் ரிக்கென் ஆய்வகத்தில் மிச்சியோ சுஜிமுரா என்ற பெண், பச்சைத் தேயிலையிலிருந்து கேட்டச்சின் என்ற பொருளைத் தனியே பிரித்தெடுத்தார். தேநீரின் துவர்ப்புக்கு மூலமான பொருள் அது. அவரும் தகபயாஷியைப் போலவே சைத்தாமாக்காரர். ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் பெண்களைச் சேர்க்காத காலத்தில் சம்பளமில்லாத உதவியாளராகத்தான் உள்ளே நுழைய முடிந்தது. பின்னர் டோக்கியோவுக்கு வந்தார். அங்கே அவர் வேலை பார்த்த ஆய்வகத்தை 1923ஆம் ஆண்டு நிலநடுக்கம் தரைமட்டமாக்கியது. 1924இல் பச்சைத் தேயிலையில் வைட்டமின் சி இருப்பதைச் சக ஆய்வாளர் மியூராவோடு சேர்ந்து காட்டினார். 1932இல் வேளாண் அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் ஜப்பானியப் பெண்ணானார்.

ரஸ்ஸல் 1933இல் இறந்துபோனார். சுஜிமுரா என்று ஒருவர் இருந்ததே அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் அவருடைய ஆலையில் தினமும் நடந்தது சுஜிமுராவின் வேதியியல்தான். போ நிறுவனத்தின் சுங்கை பாலாஸ் ஆலையில் பார்வையாளர்களுக்கென்று கண்ணாடிச் சன்னல் வைத்திருக்கிறார்கள். அதன் வழியே பார்த்துக்கொண்டே போகலாம்.

பறித்த கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். நீளமான தொட்டிகளில் பரப்பி, கீழிருந்து விசிறிக் காற்றை விட்டு, ஒரு இரவு முழுக்க வாட்டுகிறார்கள். விடியும்போது இலை துணிபோலத் துவண்டிருக்கும். கையில் பிடித்து நசுக்கிவிட்டால் பந்துபோல நிற்கும், விட்டால் மெல்ல விரியும். அந்தப் பதம் வந்தால் உருட்டு மேசைக்கு. உருட்டும்போது இலையின் செல்சுவர்கள் உடைகின்றன. அதுவரை தனித்தனி அறையில் இருந்த கேட்டச்சினும் ஒரு நொதியும் முதன்முதலாகச் சந்திக்கின்றன. நடுவே காற்று புகுகிறது. வெட்டிவைத்த வாழைக்காய் கறுக்கிறதே, அதே வேலை. கேட்டச்சின்கள் இணைந்து செந்நிறப் பொருள்களாகின்றன. பச்சை செம்பாகி, செம்பு பழுப்பாகிறது.

இதைப் ‘புளிக்கவைத்தல்’ என்றுதான் ஆலைகளில் சொல்வார்கள். இட்லி மாவு புளிப்பதுபோல இங்கே நுண்ணுயிர் எதுவும் வேலை செய்வதில்லை. இலையின் சொந்தச் சரக்குதான். ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது. ஒரு கட்டத்தில் பச்சிலை வாடை விலகி, பழுத்த பழம்போல ஒரு வாசனை எழும். அதுதான் நிறுத்த வேண்டிய நேரம். பத்து நிமிடம் முந்தினால் தேநீர் பச்சையாகக் கசக்கும். பத்து நிமிடம் பிந்தினால் மந்தமாகிப்போகும். நிறுத்துவது சிரோக்கோவின் பேரப்பிள்ளைகளான உலர்த்திகளின் வேலை. நொதியைச் சூடு கொன்றுவிடும். நாலரை அல்லது ஐந்து கிலோ கொழுந்து போனால் ஒரு கிலோ தூள் வரும்.

1930 வாக்கில் அசாமின் ஆம்கூரி தோட்டத்தில் வில்லியம் மெக்கெர்ச்சர் இந்த வரிசையில் ஒரு குறுக்குவழி போட்டார். பல் வெட்டிய இரண்டு உருளைகள் வெவ்வேறு வேகத்தில் சுழலும். நடுவே புகும் இலை நசுங்கி, கிழிந்து, சுருண்டு வெளியே விழும். சிடிசி என்று இன்று கடைக்காரர்கள் சொல்வது இதைத்தான். செல்கள் ஏறக்குறைய எல்லாமே உடைந்துபோவதால் நிறம் சட்டென்று இறங்கும், பாலுக்குத் தாங்கும். மதுரையின் டீக்கடையில் ஆற்றும் கிளாஸும் ஈப்போவின் மாமாக் கடையில் இழுக்கும் தே தாரிக்கும் அந்த இரண்டு உருளைக்குக் கடன்பட்டவை.

மூங்கில் காட்டுக்கு வடக்கே

ஆலை இத்தனை முன்னேறியும் சரிவு அப்படியே இருந்ததற்குக் கூலி ஒரு காரணம் என்றேன். இரண்டாவது காரணம் செடிக்குள் இருந்தது.

பழைய தோட்டங்கள் விதையிலிருந்து வந்தவை. தேயிலை அயல்மகரந்தச் சேர்க்கைச் செடி. ஒரே மரத்து விதைகள்கூட அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும், அச்சு அசலாக இருக்காது. ஒரு செடி சீக்கிரம் துளிர்க்கும், பக்கத்துச் செடி சோம்பும். ஒன்றின் இலை மஞ்சள் பாய்ந்தது, இன்னொன்று கரும்பச்சை. பழைய சரிவு ஒன்றைத் தூரத்திலிருந்து பார்த்தால் ஒட்டுப்போட்ட துணிபோலத் தெரியும். இப்படிப்பட்ட வரிசையில் கத்தரி வைத்தால் ஒரு செடியில் கொழுந்து கிடைக்கும், அடுத்ததில் வெறும் குச்சி கிடைக்கும். எந்தச் செடியில் இன்று எடுக்கலாம், எதை அடுத்த சுற்றுக்கு விடலாம் என்று நின்ற இடத்திலேயே முடிவெடுக்கக் கை வேண்டும்.

ஷிசுவோக்கா விவசாயி சுகியாமா ஹிகோசபுரோ இதைத் தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார். நல்ல செடி கண்ணில் பட்டால் பிறர் தோட்டத்திலும் நுழைந்துவிடுவார். ஊரார் கேலி செய்தார்கள். மூங்கில் காடு ஒன்றை வெட்டித் திருத்தி நட்ட செடிகளில் 1908இல் ஒன்றைப் பொறுக்கினார். மூங்கில் காட்டுக்கு வடக்கே நின்ற செடி அது. ஜப்பானியத்தில் மூங்கில் காடு ‘யபு’, வடக்கு ‘கித்தா’. யபுகித்தா என்றே பெயர் வைத்தார். விதையால் பெருக்காமல் தண்டிலிருந்து பெருக்கினால் ஒவ்வொரு செடியும் அதே செடி. அரசு அதை 1953இல் பதிவு செய்தது. அதற்குள் சுகியாமா இறந்து பன்னிரண்டு ஆண்டு ஆகியிருந்தது. பிற்காலத்தில் ஜப்பானின் தேயிலைப் பரப்பில் பெரும்பகுதி அந்த ஒற்றைச் செடியாகவே மாறிப்போனது.

1911இல் தொடங்கிய அசாமின் டோக்லாய் நிலையம் தன் முதல் பொறுக்குச் செடிகளை 1949இல் வெளியிட்டது. 1925இல் அமைந்த இலங்கைத் தேயிலை ஆராய்ச்சிக் கழகம் தலவாக்கலையிலிருந்து எண்களிட்ட வகைகளைத் தந்தது. வால்பாறை நிராறு அணைப் பக்கத்து உபாசி ஆராய்ச்சி நிலையத்தார் எண்ணோடு பெயரும் வைத்தார்கள்: பாண்டியன், சுந்தரம், சிங்காரா. செய்முறை மிக எளிது. ஓர் இலை, அதன் கக்கத்து மொட்டு, இரண்டு விரற்கடைத் தண்டு. மண் நிரப்பிய பிளாஸ்டிக் பையில் குத்தி, நிழலில், ஈரத்தில் வைத்தால் மூன்று மாதத்தில் வேர் பிடிக்கும். ஏறக்குறைய ஒரு வருடத்தில் நாற்று தோட்டத்துக்குத் தயார்.

இந்தப் பிளாஸ்டிக் பைதான் கத்தரிக்குக் கதவு திறந்தது. ஒரே வகைச் செடி ஒரே நாளில் துளிர்க்கும், ஒரே உயரத்தில் நிற்கும்.

கதவுக்குத் தாழ்ப்பாளை நீக்கியது இன்னொரு சின்னப் பொருள். தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு மட்டக்குச்சியைத் தெரியும். நீளமான, நேரான ஒரு குச்சி. அதைச் செடியின் தலைமேல் படுக்கப்போட்டு, குச்சிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கொழுந்தை மட்டும் எடுக்க வேண்டும். அப்போதுதான் செடியின் தலை மேசைபோல மட்டமாக நிற்கும். மட்டம் தவறினால் கங்காணியின் ஏச்சு. அந்தப் பெண்கள் ஆண்டுக்கணக்காகக் காப்பாற்றி வைத்த அந்த மட்டத்தின் மேல்தான் பிற்பாடு இயந்திரத்தின் கத்தி வழுக்கிக்கொண்டு ஓடியது. பறிப்பு இயந்திரத்தைச் செய்தவர்கள் பட்டியலில் மட்டக்குச்சி பிடித்தவர்களின் பெயர் கிடையாது. இருந்திருக்க வேண்டும்.

கை விலகியபோது

1938 ஜூனில் இந்திய அரசு, உதவித்தொகையோடு மலாயாவுக்குக் கூலியாட்கள் போவதைத் தடை செய்தது. கப்பல் குழாய் அன்றே அடைபட்டது. பிறகு ஜப்பானியர் காலம். தோட்டத் தமிழர்கள் சயாம் மரண ரயில்பாதைக்கு அள்ளிக்கொண்டு போகப்பட்டார்கள், பலர் திரும்பவில்லை. விடுதலைக்குப் பின் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை உரிமம் கட்டாயம் என்று 1968இல் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டுகளில் பல்லாயிரம் பேர் பெட்டியைக் கட்டிக்கொண்டு, பார்த்தே இராத ‘சொந்த’ ஊருக்குக் கப்பலேறினார்கள். இருந்தவர்களின் பிள்ளைகள் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்து, ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கினார்கள். பிள்ளை இறங்கிப் போக வேண்டும் என்பதற்காகத்தான் பெற்றவர்கள் சரிவில் ஏறினார்கள்.

இப்போதுதான் கத்தரி மலையேறியது. ஜப்பானில் ஆள் தட்டுப்பாட்டில் பிறந்த கருவி, ஆள் தட்டுப்பாடு வந்த இடங்களுக்கெல்லாம் பயணப்பட்டது. நீலகிரியிலும் ஆனைமலையிலும் பை வைத்த கைக்கத்தரி பரவியது. கேமரன் மலையின் மென்சரிவுகளுக்கு இரண்டு ஆள் பிடிக்கும் பெட்ரோல் இயந்திரம் வந்தது. இன்று போ நிறுவனம் நான்கு தோட்டங்களில் சுமார் 1,200 ஹெக்டேரில் தேயிலை வளர்த்து, ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் கிலோ தூள் எடுக்கிறது. இயந்திரம் பிடிக்கும் கைகளில் பல வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவை. 2020இல் தொற்றுக்காக எல்லைகள் மூடியபோது மலேசியத் தோட்டத் துறையே ஆளில்லாமல் தவித்தது. ஆக, இரும்பு முழுதாகக் கற்றுவிடவில்லை.

ஆலைக்குள் ஒரு வேலை மட்டும் பழையபடி இருந்தது: மூக்கு. புளிக்கும் இலையை நிறுத்தும் நொடியை டீமேக்கர் குனிந்து முகர்ந்துதான் முடிவு செய்தார். அதையும் விடவில்லை. கொல்கத்தாவின் சி-டாக் நிறுவனமும் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தேயிலைக்கென்றே ஒரு மின்னணு மூக்கைச் செய்தன. இலையிலிருந்து எழும் ஆவியை உணர்விகள்மேல் செலுத்தி, வாசனை உச்சிக்கு வரும் நேரத்தைக் கணினி சொல்லும். இம்முறை கண்டுபிடிப்பு கொல்கத்தாவிலேயே நடந்தது. அசாமின் ஜாக்சன் தன் இயந்திரத்தைச் செய்து விற்க இங்கிலாந்தின் கெயின்ஸ்பரோவுக்குப் போகவேண்டியிருந்தது.

டொயோடாவின் தறிக்கும் இந்தக் கத்தரிக்கும் பொதுவான ஒன்று உண்டு. மூளை எங்கும் இருந்தது. எங்கே மனிதக் கை விலை பெற்றதோ அங்கே அது கருவியாக வெளிவந்தது. கை மலிவாகக் கிடைத்த இடத்தில் மூளை சும்மா இருந்தது. ஆசியாவின் கண்டுபிடிப்புகளின் காலவரிசையைக் கூலிப் பட்டியலோடு பக்கத்தில் வைத்துப் படித்தால் பல புதிர்கள் அவிழும்.

சுங்கை பாலாஸிலிருந்து திரும்பும்போது செங்குத்தான ஒரு மடிப்பு வரும். அங்கே இரண்டு ஆள் பக்கவாட்டில் நின்று இயந்திரம் பிடிக்க முடியாது, கால் நிற்காது. ஒரே ஒருவர், பை கட்டிய கைக்கத்தரியோடு, ஒரு காலைச் செடியின் அடியில் முட்டுக்கொடுத்து நின்று வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டிவிட்டு நிமிர்ந்து, உள்ளங்கையைச் செடிகளின் தலைமேல் ஒருமுறை தடவி மட்டம் பார்த்தார். அவர் எந்த நாட்டுக்காரரோ, மட்டக்குச்சியைக் கண்டிருப்பாரோ மாட்டாரோ. அந்தத் தடவலை அவர் கைக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கத் தேவையில்லை, செடியே சொல்லிக்கொடுத்துவிடும்.

பின்னாலிருந்து ஒரு வண்டி ஹாரன் அடித்தது. பாதையை விட்டு நகர்ந்தோம்.

*(அடுத்த இதழில்: பகாங்கின் ஆறுகளை மலைக்குள் சுரங்கம் குடைந்து பேராக்குக்குத் திருப்பிய கதை. ரிங்லெட் ஏரியும் சுல்தான் அபு பக்கார் அணையும்.)*

*தொடரும்*